தாயில்பட்டிக் கீரையும் சாக்குக் கழுவிய தண்ணீரும்

இது ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணமல்ல. போன தை மாதக் கடைசிச் சனிக்கிழமை, சிவகாசிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாயில்பட்டிக்கு ஒரே நாளில் போய்த் திரும்பினேன். பட்டாசு கம்பெனிகளைச் சுற்றி மண்ணும் பயிரும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். கோயிலும் அருவியும் தேடி வந்தவர்கள் இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கீரையிலும் பாலிலும் மண்ணிலும் கதிரியக்கம் ஏறியிருக்கிறதா என்று கருவியில் எண்ணிப் பார்ப்பதுதான் வேலை. ஒரு கிலோ கீரையை உலர்த்தி எரித்தால் இரண்டு மூன்று ஸ்பூன் சாம்பல் தேறும். அதைக் கருவிக்குள் வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் அதைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். கதிருள்ள ஸ்ட்ரான்சியம் மண்ணில் விழுந்தால் கீரை வழியாக மனித எலும்புக்குப் போய்விடும் என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு மாரிச்செல்வம் என்பவர் போனில் கூப்பிட்டார். பட்டாசு கம்பெனி ஒன்றில் மருந்துச் சாக்கு இறக்கி அடுக்குகிறவர்.

"மேடம், செவப்பு மத்தாப்புக்குப் போடுற உப்புச் சாக்குலயும் இந்தப் பேருதான் போட்டிருக்கு. நீங்க எழுதுன கதிரு அதுல இருக்குமா? எம்மகளுக்கு ரெண்டரை வயசாகுது, இன்னும் நிக்க மாட்டேங்கா."

அது கதிரில்லாத வகை என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். ஆனால் அவர் குரல் என்னை விடவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறரைக்கு பஸ். விருதுநகர் ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், நாற்பத்தைந்து ரூபாய். விருதுநகரின் பேர்போன எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு அங்கே எந்தக் கடையிலும் கல் சூடாகியிருக்காது. இட்லி தின்றுவிட்டு ஆமத்தூர் வழியாகப் போகும் சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். ஐம்பது நிமிடம், இருபத்தைந்து ரூபாய். சிவகாசியிலிருந்து தாயில்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு. பையில் கருவி இருந்ததால் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன்.

வழியெல்லாம் சீமைக்கருவேலம். அதற்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். ஓரிடத்தில் கூரையில்லாமல் இரண்டு சுவர் மட்டும் கருகி நின்றது. ஆட்டோக்காரர் தானாகவே வேகத்தைக் குறைத்தார்.

"எறங்கிப் பாக்குறீகளா மேடம்? வெளியூர்க்காரவுக வந்தா வெடிச்ச எடத்தத்தான் காட்டச் சொல்லுவாக."

"வேண்டாம், போங்க" என்றேன். அவர் வேகத்தைக் கூட்டினார். எத்தனை பேருக்கு அந்தச் சுவரைக் காட்டியிருப்பாரோ தெரியவில்லை.

மாரிச்செல்வம் வீட்டை அடையும்போது பதினொரு மணி. ஓட்டு வீடு, பின்னால் மூன்று சென்ட் காலியிடம். வாசல்படியில் குழந்தை தர்ஷிணி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய அம்மா பேச்சியம்மாள் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. மூன்று எண்ணுவதற்குள் பிள்ளை உட்கார்ந்துவிட்டது.

பின்னால் போய்ப் பார்த்தால் தண்டங்கீரை இடுப்புயரம், கருகருவென்று. என் வேலைக்காலத்தில் எத்தனையோ ஊர்க் கீரை வாங்கியிருக்கிறேன், இவ்வளவு செழிப்பாகப் பார்த்ததில்லை. என்ன உரம் என்று கேட்டேன்.

"உரம்லாம் காசு குடுத்து வாங்குறதில்ல மேடம்" என்றார் மாரிச்செல்வம் பெருமையாக. "கம்பெனில வெறுஞ்சாக்கு கேட்டா குடுத்துருவாக. மறைப்பு கட்ட ஆகும்னு கொண்டாந்து கழுவுவோம். வெடியுப்புச் சாக்கு கழுவுன தண்ணிய ஊத்துனா பயிரு எந்திரிச்சு நிக்கும்னு இங்கன எல்லாருக்கும் தெரியும்."

"வெடியுப்புச் சாக்கு மட்டுமா?"

"செவப்பு உப்பு, பச்ச உப்பு எல்லாந்தான். எல்லாம் உப்புதான மேடம்."

அவர் சொன்னதில் பாதி சரி. வெடியுப்பில் இருக்கும் தழைச்சத்து செவப்பு மத்தாப்புக்கான ஸ்ட்ரான்சியம் உப்பிலும் இருக்கிறது. அதனால் அந்தத் தண்ணீருக்கும் கீரை அதே மாதிரி கறுத்து வளரும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

கருவியை எடுத்துப் பாத்தியின் மீதும், சாக்குகளின் மீதும், தறித்த கீரையின் மீதும் வைத்தேன். எந்த ஊரிலும் எப்போதும் இருக்கும் அளவுதான் காட்டியது. "கதிர் இல்லை" என்றேன். பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாரிச்செல்வம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி, "ஒண்ணுமில்லயாம்!" என்று கத்தினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டுவிட்டார்கள். மேற்கொண்டு சொல்ல வேண்டியதைச் சோறு ஆனபிறகு சொல்லலாம் என்று நான் கோழைத்தனமாகத் தள்ளிப்போட்டேன்.

சோறு, புளிக்குழம்பு, கீரைக்கடைசல். பேசிக்கொண்டே சாப்பிட்டேன். பேச்சியம்மாள் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதிரு இல்லன்னு மிஷினு சொல்லிருச்சே. பெறகு ஏன்க்கா கீரைய ஒதுக்கி வச்சிருக்கீக?"

அதற்குமேல் மழுப்ப முடியவில்லை. வேர் மண்ணில் கால்சியத்தைத் தேடுகிறது. ஸ்ட்ரான்சியம் அதே சாயலில் இருப்பதால் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. சீசியம் பொட்டாசியத்தோடு நுழைவதும் இப்படித்தான். கதிர் உள்ளதா இல்லாததா என்பதெல்லாம் செடிக்கு ஒரு பொருட்டே இல்லை. கதிருள்ளது பயிரில் எவ்வளவு ஏறும் என்று கணிக்க, கதிரில்லாதது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும் எங்கள் வேலையில் உண்டு. இலையில்தான் அதிகம் தங்கும், விதையில் குறைவு. மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தால் வேருக்கு அதுவே போதும், ஸ்ட்ரான்சியம் குறைவாக ஏறும். ஊரைச் சுற்றியுள்ள கரிசலில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. இவர்களோ கரிசல் வெடிப்பு விடுகிறது என்று ஒரு லோடு செம்மண் அடித்துப் பாத்தி கட்டியிருந்தார்கள்.

இவ்வளவையும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். உடம்புக்குள் போனாலும் கதை அதேதான், எலும்பு அதைக் கால்சியம் என்று நம்பி வாங்கிக்கொள்ளும், வளரும் பிள்ளைக்கு எலும்பு இறுகாது என்றேன். இந்தக் கால் இதனால்தான் வளைந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை என்றும் சொன்னேன். அது பேச்சியம்மாள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இவளுக்குப் பாலு ஒத்துக்கிடல. எலும்புக்குச் சத்து இல்ல, கீரை நெறையக் குடுங்கன்னு ஆசுபத்திரில சொன்னாக" என்றாள். "ரெண்டு வேளையும் ஊட்டுனேன். ஒரு கட்டுகூட நான் வெளிய குடுத்ததில்லக்கா. அம்புட்டும் இவளுக்குத்தான்."

மாரிச்செல்வம் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அந்தப் பெண் அழாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று, "பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாதும்மா, சின்னப் பிள்ளைக்குத்தான் ஆகாது. நீங்க ரெண்டு பேரும் பயப்படாதீங்க" என்றேன். கீரையை நிறுத்துங்கள், பாத்தி மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி அப்புறப்படுத்துங்கள், நான் எழுதித் தரும் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, மண்ணிலும் கீரையிலும் மாதிரி எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கம்பெனிகள் பக்கம் போனால் செல்போனை அணைத்துவிடுங்கள், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். மேல்மண்ணை ஒரு சாண் ஆழம் வரை, பாத்தியில் ஐந்தாறு இடத்தில் எடுத்துக் கலக்கினால்தான் மாதிரி சரியாக இருக்கும். கீரையைக் கழுவிவிட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள், இல்லையென்றால் இலையில் ஒட்டிய தூசியையும் சேர்த்து எண்ணுவீர்கள். கையடக்கக் கருவி கதிரை மட்டும்தான் சொல்லும். செவப்பு உப்பையோ, அதைவிடப் பொல்லாத பச்சை உப்பான பேரியத்தையோ அது காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வழி. முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

எனக்குப் பன்னிரண்டாம் நாள் வந்தது. நான் பயந்ததைவிட மோசம். உடனே கூப்பிட்டேன், பேச்சியம்மாள்தான் எடுத்தாள். கீரையை அன்றைக்கே நிறுத்திவிட்டாளாம், டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றியிருக்கிறாராம். மண்ணை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மறுநாளே வெட்டி அள்ளியாச்சுக்கா. நல்லா உரம் ஏறுன மண்ணு, வீணாக் கொட்ட மனசு வரல. ஆமத்தூர்ல எங்க நாத்தனா மாசமா இருக்கா, ரெத்தம் கம்மின்னு கீரை திங்கச் சொல்லிருக்காக. அவ வீட்டுக்கு லோடு வண்டில ஏத்தி விட்டோம்."

"அதை ஏம்மா அங்கே அனுப்புனீங்க?" என்றேன்.

"பெரியவகளுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதானக்கா சொன்னீக?"

இருபத்திரண்டு வருடமும் எண்ணி முடித்த மண்ணை எங்கே போட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் வீட்டுக்குப் போவேன். இங்கே வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். நாளைக் காலை ஆறரை பஸ்ஸில் ஆமத்தூர் போகிறேன். அந்த மண்ணை அள்ளினால் எங்கே கொட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.