தம்பிக்கு ஒரு வேளை மருந்து

தம்பி பிறந்த அதே வாரத்தில் எனக்குக் குடல்வால் வெடித்தது. எனக்கு எட்டு வயது. எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது பொறுக்காமல் நான் வரவழைத்துக்கொண்ட நோய் என்று அத்தை சொன்னாள். அவனும் சும்மா இருக்கவில்லை. ரத்தத்தில் கிருமி என்று அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். சிதம்பரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் அவன் மாடியில், நான் கீழே. அம்மா அவனோடு இருந்தாள். வடலூரில் டிபன் கடை வைத்திருந்த அத்தை, கடையைப் பூட்டிவிட்டு வந்து என்னோடு இருந்தாள். அப்பா பெரும்பாலும் படிக்கட்டில் இருந்தார்.

எங்கள் இருவருக்கும் நரம்பு வழியாக ஏறியது ஒரே மருந்துதான் என்பதை அப்பா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். எனக்குக் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை. தம்பிக்கு நாளுக்கு ஒரே வேளை. பந்தியில் ஓரவஞ்சனை செய்கிறவர்களைக் கண்டாலே அத்தைக்கு ஆகாது. நர்ஸ் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சிஸ்டர், பெரிய புள்ளைக்கு மூணு வேள, பச்சப் புள்ளைக்கு ஒரு வேளையா? அது பொழைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

எனக்கு அந்த 'பொழைக்காது' மட்டும்தான் காதில் விழுந்தது. ஊசி செருகியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "எனக்கு வேணாம். தம்பிக்குப் போடுங்க" என்று அழுதேன். நர்ஸ் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார்.

அவர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அத்தையிடம் பேசினார். "மருந்த வெளிய அனுப்புறது கிட்னிதாம்மா. பொறந்த கொழந்தைக்கு அது இன்னும் முழுசா வேலைக்கு வரல. ஒரு தடவ போட்டா ரொம்ப நேரம் ஒடம்புலயே நிக்கும். அது எறங்கறதுக்குள்ள மறுபடி போட்டா ஜாஸ்தியாயி கிட்னியக் கெடுத்துடும், காது கேக்காமக்கூடப் போயிடலாம். இவளுக்கு சீக்கிரமே ஒண்ணுக்குல போயிடுது. அதனாலதான் திரும்பத் திரும்பப் போடுறோம்."

"அப்ப அவனுக்குக் கம்மியா கொடுக்கலயா?"

"அவனுக்கு வேண்டியத கொடுக்கறோம்மா."

நான் கையை நீட்டினேன். தம்பிக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது என்னைப் பற்றிய கவலை பிடித்துக்கொண்டது. ஏற்றுகிற மருந்தையெல்லாம் நான் வீணாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே மதிய ஊசிக்குப் பிறகு ஒன்றுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். சாயங்காலம் வயிறு கல்லாகி நான் நெளிவதைப் பார்த்து அத்தை பதறி, காரணம் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டு, என்னைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். பிறகு மாடிக்குப் போய், டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டு வந்தாள்.

இருவரும் தேறிக் கீரப்பாளையம் வீட்டுக்குத் திரும்பினோம். வந்த மறுநாளே அம்மா ஒரு புது விளையாட்டைத் தொடங்கினாள். தம்பி தூளியில் விழித்துக்கிடக்கும்போது அவன் பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவாள். அவன் திடுக்கிட்டு வீறிடுவான். அம்மா அவனை வாரியெடுத்துச் சிரிப்பாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

நானும் சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டு இரண்டு மூடிகளை எடுத்து வந்து ஓங்கித் தட்டினேன். சத்தம் போட்டால் முதுகில் ஒன்று வைக்கிற அம்மா, அன்று தூளியையே பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் மெதுவா அடிடி, பாப்போம்" என்றாள். இவ்வளவு மெல்லிய சத்தத்தில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று எனக்கு அலுப்பாகிவிட்டது. மூடிகளை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டேன்.