மதாம் லாமின் படிக்கட்டில் பதினைந்து சோடிச் சப்பாத்து

1. சொக்ஸ்

மண்டபத்து விளக்குகளைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். என் குழு ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லார் காலிலும் வெறும் சொக்ஸ். கறுப்பு, சாம்பல், ஒருவருடையதில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. சப்பாத்து ஒருவர் காலிலும் இல்லை.

மொன்றியல் சைனா டவுனில் மாலை நேர நடைச் சுற்றுலா நடத்துவது என் தொழில். வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "அன்ரி, உங்களுக்கு நடந்ததிலேயே மோசமான விஷயம் என்ன?" என்று கேட்பார்கள். மழையில் நனைந்தவர்கள், பாதி வழியில் சண்டை பிடித்துக்கொண்டு போன தம்பதி, வேறு ஒரு வழிகாட்டிக்குப் பின்னால் அரை மணித்தியாலம் நடந்துவிட்டுத் தேடி வந்தவர் என்று கதைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் மோசம் அந்தச் சொக்ஸுகள்தான்.

சொக்ஸில் என்ன மோசம் என்று கேட்டால், அந்த மண்டபத்துக்கு ஏறும் படிக்கட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

2. சாவி

எங்கள் சுற்றுலா சென்ட் லோரன்ட் வீதியில் நிற்கும் பெரிய சிவப்பு வளைவுக்குக் கீழே, கற்சிங்கத்தின் பக்கத்தில் தொடங்கும். பிறகு லா கோஷ்தியேர் தெரு வழியாக நடப்போம். சலவைக்கடை வைத்துப் பிழைத்தவர்களின் கதை, நாட்டுக்குள் வருவதற்குச் சீனர்களுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று போட்ட வரி, பெரிய அரசாங்கக் கட்டடம் எழும்புவதற்காக இடித்த வீடுகள், எல்லாம் வழியில் சொல்லுவேன். இதை எந்த வழிகாட்டியும் சொல்லலாம். என் சுற்றுலாவில் மட்டும் இருந்தது மேல் மாடி மண்டபம்.

ஒரே குடும்பப் பெயர் உள்ள சீனர்கள் அந்தக் காலத்தில் சேர்ந்து வாங்கிய கட்டடம் அது. கீழே கடை, மேலே மண்டபம். சாவி மதாம் லாமிடம். எழுபது தாண்டிய ஒல்லியான மனுஷி, கழுத்தில் எப்போதும் ஒரு ஊதா மஃப்ளர். அவருடைய பிரெஞ்சில் கன்ரனீஸ் வாடை, என்னுடையதில் யாழ்ப்பாணத்து வாடை. நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சில் கதைப்பதை ஒரு கியூபெக்காரர் கேட்டால் தலையைச் சொறிவார். ஆனால் எங்களுக்குள் விளங்காமல் போனதே இல்லை. இரண்டு வருடம் அவரிடம் தேநீர் குடித்த பிறகுதான் என் குழுக்களை மேலே ஏற்ற ஒத்துக்கொண்டார்.

சொக்ஸ் விஷயம் நடந்த வருடம் கோடையில் தீயணைப்புப் பரிசோதகர் ஒருவர் அங்கே வந்திருக்கிறார். மண்டபத்துக்கு வாசல் என்று ஒரு படிக்கட்டுத்தான், பின்னால் அவசரக் கதவு ஒன்று. அந்தப் படிக்கட்டில் மடக்குக் கதிரைகளும் அரிசி மூட்டைகளும் கிடந்தன. மனுஷன் எச்சரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்கள் இருக்கிற ஒரு மாலை பார்த்துச் சொல்லாமல் வருவேன், அப்போதும் படியில் ஏதாவது கிடந்தால் மண்டபத்தில் ஆட்கள் கூடுவதை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிப் போனாராம்.

அது என் சுற்றுலாவுக்கு மட்டும் வரும் நட்டமில்லை. பின்னேரங்களில் அங்கே கிழவர்களும் கிழவிகளும் வந்து மேசையில் கட்டை அடுக்கி மஹ்ஜோங் ஆடுவார்கள். பலர் தனி அறையில் சீவிக்கிறவர்கள். ஒரு நாளில் வாய் திறந்து கதைப்பது அங்கே மட்டும்தான். மண்டபம் பூட்டினால் அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. மதாம் லாம் இதை என்னிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"படியில ஒரு குடைகூட இருக்கக் கூடாது. உன்னை நம்பித்தான் திறக்கிறன்."

அதிலிருந்து ஒவ்வொரு குழுவிடமும் வாசலில் நின்று சொல்லுவேன்: குடை, பை, குழந்தை வண்டி எதையும் படியில் வைக்காதீர்கள், மேலே கொண்டுவாருங்கள். ஒருவரும் மீறியதில்லை.

3. தமிழ்க் குழு

ரொக்ஸ்பரோப் பக்கத்து மூத்தவர்கள் சிலர் சேர்ந்து, தமிழிலேயே ஒரு சுற்றுலா வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு அது முதல் தமிழ்க் குழு. எங்கள் சுற்றுலா நிறுவனத்து முதலாளிக்கு அரை மனம். பார்ப்போம், சரிவந்தால் தொடரலாம் என்றார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எத்தனையோ தரம் சொன்ன கதையைத் தமிழில் சொல்லப் போகிறேன் என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. இரண்டு நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை.

மொத்தம் பதினாறு பேர். கூட்டி வந்தவர் பராசக்தி அக்கா. சென்ட் லோரன்ட் புறநகரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் நில் என்றால் எல்லாரும் நிற்பார்கள், நட என்றால் நடப்பார்கள். நடக்காத ஒரே ஆள் செல்வராசா அண்ணை. துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில் காலம் முழுக்க வேலை செய்தவர். வளைவுக்குக் கீழே தொடங்கிய முறைப்பாடு அவருக்கு நிற்கவே இல்லை. ஐப்பசிக் குளிர், ஈரத் தரை, முழங்கால். நூடில்ஸ் வாங்க வருகிற தெருவைக் காட்ட ஒரு வழிகாட்டி வேணுமா என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். எனக்குச் சுள்ளென்று வந்தது. சிரித்துக்கொண்டு நடந்தேன். சம்பளத்தில் பாதி அந்தச் சிரிப்புக்குத்தான் தருகிறார்கள்.

மற்றபடி நல்ல குழு. தலைவரிக் கதையைச் சொன்னபோது எல்லாரும் கிட்ட வந்து கேட்டார்கள். பிறகு பராசக்தி அக்கா பெருமூச்சு விட்டார்.

"நாங்கள் வெளிநாட்டுக்கு ஆள் ஏத்துற ஏஜென்சிக்குக் காசு குடுத்து வந்தம். இதுகள் அரசாங்கத்துக்குக் குடுத்து வந்திருக்குதுகள். ரெண்டு பேருக்கும் கடன்தான் மிச்சம்."

அந்த மாதிரி ஒரு வசனம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த உற்சாகத்தில்தான் நான் வாயை விட்டேன். பிரெஞ்சுக் குழுக்களிடம், மேலே மூதாதையருக்கு ஒரு மேடை இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவேன். இவர்களிடம் வாசலில் நின்று, "மேலை ஒரு சின்னக் கோயில் மாதிரி இருக்குது, வந்து பாருங்கோ" என்றேன். குடையைப் பற்றி மறக்காமல் சொன்னேன். பையைப் பற்றியும் சொன்னேன். செல்வராசா அண்ணை தன்னால் படி ஏற ஏலாது, கீழே நிற்கிறேன் என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டு, விளக்குப் போட முன்னால் ஏறினேன்.

நான் ஏறியதும் பராசக்தி அக்கா குனிந்திருக்கிறார். அவர் குனிந்தால் மற்றவர்கள் நிமிர்ந்து நிற்பார்களா? முதல் படியிலும் இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலுமாகச் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு ஏறி வந்துவிட்டார்கள்.

4. மேலே

சுவரோரத்தில் சிவப்பு மேடை. நடுவே சீனர்கள் தெய்வமாகக் கும்பிடும் சிவந்த முகத்துத் தளபதி, முன்னால் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள், ஊதுபத்திப் புகை. பெண்கள் கை கூப்பினார்கள். சாவியோடு கதவடியில் நின்ற மதாம் லாம் ஒரு கணம் நெகிழ்ந்துதான் போனார். பிறகு அவருடைய கண் கீழே போயிற்று. அந்த மண்டபத்தில் சப்பாத்துக் கழற்றும் வழக்கமே கிடையாது. தளபதிக்கு முன்னாலும் சப்பாத்தோடு நின்றுதான் கும்பிடுவார்கள்.

"சப்பாத்தெல்லாம் எங்கே?"

படியைக் கையால் காட்டினேன். ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவோம் என்று ஓர் அடி வைத்தேன். அதற்குள் கீழே தெருக்கதவு திறந்தது. "பொன்சுவார்!" என்று ஒரு தடித்த ஆண் குரல். தீயணைப்பு என்ற சொல்லும் கேட்டது.

படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. மேலே நின்றால் கீழ்ப்படிகள் தெரியாது. மதாம் லாம் மஃப்ளர் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாளைக்கு மஹ்ஜோங் ஆட வருகிறவர்களுக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நான் என்ன சொல்லப் போகிறேன் என்று மட்டும் எனக்குள் ஓடியது. என் வாயால் கெட்டது. கோயில் என்று சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

பூட்ஸ் சத்தம் ஆறுதலாக ஏறி வந்தது. எங்கேயாவது நிற்கும், இது என்ன குப்பை என்று கேட்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. சீருடை போட்ட உயரமான மனுஷன் உள்ளே வந்து தலையசைத்தார். அவசர விளக்கைப் பார்த்தார். பின் கதவைத் திறந்து மூடினார். தீயணைப்பானைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்து மதாம் லாமிடம் திரும்பினார்.

"படி நல்லாயிருக்கு, மதாம். போன தடவை மாதிரி இல்லை. இப்பிடியே வைச்சிருங்கோ."

மதாம் லாம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பரிசோதகர் போகத் திரும்பியபோது, கண் எங்கள் ஆட்களின் கால்களில் பட்டது. ஏன் எல்லாரும் சொக்ஸோடு நிற்கிறார்கள் என்று கேட்டார். பராசக்தி அக்கா தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் அமைதியாகப் பதில் சொன்னார்: "மரியாதை, முசியூ." மனுஷன் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்தது. மேடையைப் பார்த்துச் சின்னதாகத் தலையைத் தாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்.

தெருக்கதவு மூடிய சத்தம் கேட்டதும் நான் ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். மதாம் லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அப்பாடா என்று நானும் சிரித்தேன். பிள்ளைகளைப் பெற்றெடுத்தபோதுகூட அப்படி ஒரு ஆறுதலை நான் அனுபவிக்கவில்லை. குழுவுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, எங்கள் இருவருக்கும் என்ன பிடித்துவிட்டது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகுதான் உறைத்தது. படியில் இல்லையென்றால் சப்பாத்துகள் எங்கே? வெளியே குளிர். பதினைந்து மூத்தவர்களைச் சொக்ஸோடு மெட்ரோவுக்குக் கூட்டிப் போவதா?

5. கீழே

படி துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. ஈரத் தடம் மட்டும் இருந்தது. கதவைத் திறந்தேன். பக்கத்து மரக்கறிக் கடையின் தாழ்வாரத்தில் செல்வராசா அண்ணை ஒரு ஸ்டூலில் இருந்தார். கையில் கடதாசிக் கோப்பையில் தேநீர். காலடியில் கீரை வந்த வெற்றுப் பெட்டிகள் மூன்று. அவற்றுக்குள் எல்லாச் சப்பாத்தும் சோடி சோடியாக, மூக்கு ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தது.

"அண்ணை, நீங்களா எடுத்தனீங்கள்?"

"பின்னை? கோயிலுக்குள்ளை போறவை செருப்புக்கு ஒரு ஆளை விட்டிட்டெல்லோ போக வேணும். ஒருத்தரும் இல்லாமல் கதவடியிலை விட்டிட்டுப் போறியள். போன திருவிழாவிலை என்ரை புதுச் சப்பாத்தை ஆரோ போட்டுக்கொண்டு போயிட்டான். நான் சொக்ஸோடை பஸ்ஸிலை வீட்டை போன மனுஷன், பிள்ளை. எனக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்."

கடைக்காரப் பெண்ணிடம் காலைக் காட்டி, பெட்டியைக் காட்டிக் கேட்டாராம். அவள் பெட்டியோடு தேநீரும் கொடுத்திருக்கிறாள். தெருவில் போன ஒருத்தன் நின்று ஒரு சோடிக்கு விலையும் கேட்டிருக்கிறான். பரிசோதகரைப் பற்றி இவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. சீருடை போட்ட ஒரு மனுஷன் வந்ததாகவும், மரியாதைக்குத் தான்தான் கதவைத் திறந்துவிட்டதாகவும் சொன்னார்.

நான் அந்தத் தெருவில் வைத்தே அவரைக் கட்டிப்பிடித்தேன். தேநீர் என் கோட்டில் சிந்திவிட்டது. "விசரே உமக்கு?" என்றார். பின்னால் இறங்கி வந்த மதாம் லாமுக்கு நடந்ததைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் மறுபடி மேலே ஏறிப் போய், மேடையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். கோயில் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லப்படாது என்று செல்வராசா அண்ணை எழும்பி, அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். சுற்றுலா முடியும் வரை பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ்ச் சுற்றுலா தொடர்ந்தது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தெருவின் வரலாற்றைப் பாடமாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட முதலில், கூட்டிக்கொண்டு போகிற ஆட்கள் ஒரு வாசலில் நின்றால் அவர்களின் கையும் காலும் தன்பாட்டில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். கடைசியாக ஏறுங்கள், முதலில் ஏறாதீர்கள். முறைப்பாடு சொல்கிற ஆளைக் கீழே விட்டுவிட்டு நிம்மதி என்று நினைக்காதீர்கள்.

இப்போது மண்டபத்துக்குள், கதவோரத்தில், சப்பாத்துத் தட்டு ஒன்று இருக்கிறது. மதாம் லாம் வாங்கி வைத்தது. மஹ்ஜோங் ஆட வருகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தமிழ்க் குழு வரும் மாலைகளில் மட்டும் நிறையும். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தமிழ்ச் சுற்றுலாவிலும் செல்வராசா அண்ணை முதல் ஆளாகப் படியேறிப் போய் அதில் இருந்துவிடுவார். முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.