ஃபெயிலான பதினான்கு பக்கங்கள்

சென்ற மாதம் நான் ஃபெயிலானேன்.

ஒன்பது வருடமாக ஜெர்மனியில், ஹனோவர் நகரத்து வங்கி ஒன்றில் வேலை. கடன், காப்புறுதி, ஓய்வூதியம் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அப்படிப்பட்ட நான் ஃபெயில்!

நிதித் திட்டமிடுநர் சான்றிதழுக்காகச் சனிக்கிழமைகளில் படிக்கிறேன். 'இவ்வளவு அனுபவத்தோடு மறுபடி எதற்கு வகுப்பு?' என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். முடித்ததோடு நிறுத்த மனம் வரவில்லை... அவ்வளவுதான்.

இறுதித் தேர்வுக்கு முன் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தைப் பேட்டி எடுத்து, அவர்கள் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். அது தேறாவிட்டால் தேர்வு எழுத முடியாது.

குடும்பமா? கொலோனில் என் அப்பா அம்மா இருக்கிறார்களே!

ரயிலில் போகும்போதே பதினான்கு பக்கப் படிவத்தை நிரப்பிவிட்டேன். வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டேன். திரும்பி வந்தேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எதற்குக் கேட்க வேண்டும்? ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்தவள் நான். ஒவ்வொரு அன்ட்ராக்கையும், அதாவது விண்ணப்பத்தையும், நிரப்பியவள் நான். டாக்டரைப் பார்க்க டெர்மின் குறித்த நாள்களில் அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து, அம்மாவின் வயிற்றுவலியை ஜெர்மனில் சொன்னவளும் நான்தான். 'எதிர்கால ஆசை' என்ற இடத்தில் யோசிக்காமல் எழுதினேன் — யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு.

பயிற்சியாளர் ஃப்ராவ் கெல்லர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர்களைப் பேட்டி எடுத்தீர்களா?"

"என் பெற்றோர்தான்."

"நான் கேட்டது அது இல்லையே."

பதினான்கு பக்கமும் ஃபெயில் என்று திரும்பி வந்தது. இரண்டு வாரம் அவகாசம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொலோன். படிவத்தை மேசையில் வைத்தேன்.

"அம்மா, இருங்கோ. கொஞ்சம் கேள்வி கேக்கப் போறன்."

"உனக்கு எல்லாம் தெரியும்தானே பிள்ளை. நீயே எழுதன்."

"ஏலாது அம்மா. நீங்கள்தான் சொல்ல வேணும்."

"இண்டைக்கு மகள் இல்லை, பாங்க் மனேச்சர் வந்திருக்கிறா," என்றார் அப்பா, தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

"இனி வாற பத்து வருசத்தில என்ன செய்ய ஆசை?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். வழக்கம் அப்படி. பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்குக் கார் ஓடப் பழக வேணும்," என்றார் அம்மா.

அப்பாவின் கோப்பை அந்தரத்தில் நின்றது. "ஐம்பத்தெட்டு வயசிலயோ?"

"ஓம். இருவது வருசமா விடியக்காலமை நாலு மணி பஸ்ஸுக்குக் குளிருக்க நிண்டு, ஆரோ ஒருத்தரின்ர ஒபிஸைக் கூட்டித் துடைக்கப் போனனான். ஒருக்கா எண்டாலும் நானே ஓடிக்கொண்டு போய்க் கடல் பாக்க வேணும்."

"என்னையும் கூட்டிக்கொண்டு போவியோ?"

"பின்னுக்கு இருந்துகொண்டு கத்தாட்டில் யோசிப்பம்."

"அப்ப... யாழ்ப்பாணத்து வீடு?" என்று இழுத்தேன்.

"அது அப்பான்ர ஆசையெல்லே?"

"என்ரயோ? கொம்மாக்குத்தான் விருப்பம் எண்டு நான் பேசாமல் இருந்தனான்!"

யாருக்கும் வேண்டாத ஒரு வீட்டுக்கு நான் இருபது வருடத் திட்டம் போட்டிருக்கிறேன்!

"ஏனம்மா, இதை ஒருநாளும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

கோபமே இல்லாத குரல். அதுதான் சுருக்கென்றது.

என்னைப் போல் வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். சின்ன வயதிலேயே வீட்டின் வாயாக இருந்தோம். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் வாயாக இருந்தவர்கள் காதாக இருக்கவும் பழகியிருக்க வேண்டாமா?

புதிய திட்டத்தில் வீடு இல்லை. ஓட்டுநர் பயிற்சி இருக்கிறது, ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது, வட கடல் இருக்கிறது. ஃப்ராவ் கெல்லர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. "இப்போது இதில் மனிதர்கள் தெரிகிறார்கள்," என்றார். தேர்வு எழுத அனுமதி கிடைத்துவிட்டது!

நேற்று அம்மாவோடு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். படிவத்தைக் கொடுத்தார்கள். பழக்கதோஷம்... என் கை நீண்டது.

"விடு பிள்ளை. நான் எழுதுறன்."

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன அம்மா, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக நிரப்பினார். தெருப் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்தாமல் சும்மா இருந்தேன் பாருங்கள் — நான் பாஸான பரீட்சைகளிலேயே கடினமானது அதுதான்.