வெள்ளிச் சங்கும் அரை இட்லியும்

தொண்ணூற்று நாலாம் வருஷம் நடந்தது இது. திருவண்ணாமலையில் மலை சுற்றுகிற பாதையில், அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒரு சின்ன டிபன் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் டீ போடுவார், நான் இட்லி ஊற்றுவேன். மற்ற நாளில் கழனி வேலைக்குப் போகிறவர்கள்தான் வருவார்கள். பௌர்ணமி என்றால் உட்கார இடம் இருக்காது. போன பௌர்ணமிக்கு இங்கேதான் சாப்பிட்டோம் என்று மெட்ராஸ்காரர்கள்கூடத் தேடிக்கொண்டு வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. அப்போது வயது நாற்பத்து நாலு. என் கூடப்பிறந்த தங்கையைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தோம். பெண் குழந்தை பெற்று, பன்னிரண்டாம் நாள் ஜுரத்தில் போய்விட்டாள். அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். காரியம் முடிந்த மறுநாள் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "நீங்கதான் அண்ணி பார்த்துக்கணும்" என்றார்.

அவருடைய அக்காவுக்கு இதில் அவ்வளவு சம்மதம் இல்லை. அந்த அம்மா மூன்று பெற்று வளர்த்தவர். எங்க வீட்டுக் குழந்தை எங்க வீட்டில்தானே இருக்கணும் என்று அன்றைக்கே ஒரு பேச்சு இருந்தது. ஆனாலும் பேர் வைக்கிற அன்று வந்து, குழந்தைக்கு மருந்து ஊற்ற ஒரு வெள்ளிச் சங்கு செய்து கொடுத்துவிட்டுப் போனார். கனமான சங்கு. அந்த மாதிரி சங்கை நான் அதுவரைக்கும் கையால் தொட்டதில்லை.

தாய்ப்பால் இல்லாத குழந்தை, டின் பால்தான். நான் மூன்றாவது வரைக்கும் போனவள். டின்னில் எழுதியிருந்தது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டவுனில் மருந்துக் கடைக்காரர்தான் புட்டியிலிருக்கிற கோட்டைக் காட்டி, இந்தக் கோட்டுக்கு இத்தனை ஸ்பூன், தலை தட்டி அளக்கணும், ஜாஸ்தியும் கூடாது கம்மியும் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். மாவுக்கு அரிசி உளுந்து அளக்கிறவளுக்கு இது பெரிய வேலையா. புட்டிக்கென்று தனிப் பாத்திரம் வைத்து, ஒவ்வொரு வேளையும் கொதிக்க வைத்து எடுப்பேன். ஆறு மாசம் ஒரு நாள்கூட வயிற்றுப்போக்கு வந்ததில்லை. பால்வாடிக்கு வந்து எடை போடுகிற நர்ஸம்மா, கார்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். எனக்கு எழுத்து சரியாகத் தெரியாவிட்டாலும் கோடு தெரியும். மேலே ஏறிக்கொண்டே போனது.

ஆறு மாசம் முடிந்ததும் நர்ஸம்மா சொன்னார், "இனிமே பால் மட்டும் பத்தாதும்மா. பருப்பு சாதம் குழைய மசிச்சுக் குடு. இட்லி குடு. உனக்கு என்னா, வீட்டிலேயே இருக்குது."

நானும் அதைத்தான் நினைத்தேன். ஊரே சாப்பிடுகிற வீட்டில் பிறக்காமல் பிறந்த குழந்தை, சாப்பாட்டுக்கா கஷ்டம். நல்ல நாள் பார்த்து, குழந்தையைத் தலைக்கு ஊற்றி, பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்துக் கடைந்து, ஒரு சொட்டு நெய் விட்டேன். முதல் சாப்பாடு ஆச்சே என்று அந்த வெள்ளிச் சங்கையே துலக்கி எடுத்தேன். காலை நீட்டி, காலின்மேல் குழந்தையைப் படுக்க வைத்து, சங்கை வாயில் வைத்தேன்.

துப்பினாள். மறுபடி வைத்தேன். உதட்டை ஒட்டிக்கொண்டாள். கன்னத்தைப் பிடித்து அழுத்தி ஊற்றினேன். மூச்சு முட்ட அழுது அத்தனையும் வெளியே தள்ளினாள்.

சாதம் பிடிக்கவில்லை போல என்று கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினேன். அதுவும் ஆகவில்லை. வாழைப்பழத்தை மசித்துக் கரைத்துப் பார்த்தேன். இட்லியைப் பாலில் கரைத்துப் பார்த்தேன். ஒன்றரை மாசம் இதே போராட்டம். புட்டியைக் கண்டால் மட்டும் இரண்டு கையையும் நீட்டுவாள். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "இத்தினி வருஷத்துல உன் இட்லிய துப்பின மொத கிராக்கி இதுதான்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

கார்டில் கோடு ஏறுவதை நிறுத்திவிட்டது. தரையில் கயிறு கிடக்கிற மாதிரி நேராகக் கிடந்தது. எட்டாவது மாசத்தில் நர்ஸம்மா புள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பௌர்ணமிக்குக் குழந்தையின் அப்பாவும் அவருடைய அக்காவும் மலை சுற்ற வந்தார்கள். நடக்க ஆரம்பிக்குமுன் மத்தியானம் எங்கள் வீட்டில் இறங்குவது வழக்கம். அந்த அம்மா குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். கையைத் தடவினார், காலைத் தடவினார்.

"இன்னாம்மா இது, கையி காலெல்லாம் குச்சியா இருக்குது. என்னா குடுக்கிற?"

"எது குடுத்தாலும் துப்புதுங்க. பால்தான் குடிக்குது."

"ஊருக்கெல்லாம் இட்லி போடுற. ஒரு கொழந்தைக்குப் போட முடியல உனக்கு." பிறகு மெதுவாக, "பெத்திருந்தாத்தானே தெரியும்" என்றார்.

என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். விழுந்தது. கடையில் சட்னிக்கு அரைக்கிற வேலை இருந்தது, நான் போய் அரைத்தேன்.

கிளம்பும்போது முடிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த பௌர்ணமிக்கு வருவேன், அப்பவும் குழந்தை இப்படியே இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கிறது, இதையும் விட முடியாது என்று. அவர் தம்பி, குழந்தையின் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த அம்மா சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. அன்று மாவு கரைக்கிறபோது உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். என் கைக்கு அப்படி ஆனது அந்த ஒரு நாள்தான்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை நேரம் புட்டி ரப்பர் கிழிந்துபோய்விட்டது. வேறு ரப்பர் வீட்டில் இல்லை. வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். குழந்தைக்குப் பசி, வீடே அதிர அழுகிறாள். சரி, அவர் வருகிற வரைக்கும் சங்கில் கொடுப்போம் என்று பாலை ஆற்றி, காலின்மேல் படுக்க வைத்து, சங்கில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனேன்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, காலால் உதைத்தாள்.

அதே பால். தினம் ஆறு வேளை குடிக்கிற பால். பசியில் தொண்டை வறண்டு கத்துகிற குழந்தை. வேண்டாம் என்கிறாள்.

சங்கைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. வாரம் இரண்டு நாள் தலைக்கு ஊற்றினதும், இதே மாதிரி காலின்மேல் போட்டு, இதே சங்கில்தான் உரை மருந்து ஊற்றுவேன். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், வசம்பு என்று கல்லில் உரைத்த கசப்பு. அதெல்லாம் வேண்டாம் என்று நர்ஸம்மா முதலிலேயே சொன்னார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் ஊற்றுகிறதுதானே என்று விட்டுவிட்டேன். குழந்தை பருப்பு சாதத்தையும் துப்பவில்லை, என் இட்லியையும் துப்பவில்லை. சங்கு வந்தால் கசப்பு வரும் என்று தெரிந்துகொண்டு, சங்கைத்தான் துப்பிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு மாசமாகச் சாதத்தை மாற்றினேன், கஞ்சியை மாற்றினேன், சங்கை மாற்றவில்லை.

குழந்தையை நிமிர்த்தி என் வயிற்றில் சாய்த்து உட்கார வைத்தேன். பாலைச் சின்ன டம்ளரில் ஊற்றி உதட்டில் வைத்தேன். மூக்கை நீட்டிப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. மறுபடியும் வாயைத் திறந்தாள்.

சங்கைக் கழுவித் துடைத்து, பரண்மேல் வைத்தேன்.

அன்று மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அவளையும் மடியில் தட்டைப் பார்க்க உட்கார வைத்தேன். ஊட்டப் போகவில்லை. பருப்பு சாதத்தைக் குழைய மசித்துத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டு, நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். நான் வாயைத் திறந்தால் அவளும் என் வாயைப் பார்த்து வாயைத் திறக்கிறாள். கொஞ்ச நேரத்தில் சாதத்தின்மேல் ஒரு அடி அடித்தாள். கையில் ஒட்டினது. கையை வாயில் வைத்தாள். முகத்தை ஒரு மாதிரி சுளித்தாள். போச்சு என்று நினைத்தேன். மறுபடியும் கையைச் சாதத்தில் வைத்தாள்.

நான் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டினேன். வாயைத் திறந்தாள்.

டவுனிலிருந்து ரப்பர் வாங்கி வந்து, அதற்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என்னமோ கேட்க உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்ததும், "பேசாத. பேசினா நிறுத்திடும்" என்று கிசுகிசுத்தார். கடையில் யாரோ டீ, டீ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு நாள் நாலு வாய், ஒரு நாள் ஒரு வாய். பாலையும் நிறுத்தவில்லை. உரை மருந்தை மட்டும் அன்றோடு விட்டேன். ஆனால் வேறு ஆள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பௌர்ணமியன்று என்ன செய்வாளோ என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்தின நாளெல்லாம் எனக்குத்தான் சாதம் இறங்கவில்லை.

பௌர்ணமி வந்தது. மத்தியானம் அவர்கள் இருவரும் வந்தார்கள். அந்த அம்மா கையில் ஒரு பை. குழந்தையின் துணிமணி எடுத்துப்போகக் கொண்டுவந்த காலிப் பை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சாப்பிடுதுங்க இப்ப" என்றேன்.

"எங்க, நானே ஊட்டிப் பார்க்கிறேன். நான் குடுத்த சங்கு எங்க?"

சங்கு விஷயம் எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சாக்கு சொல்கிறேன் என்று நினைப்பாரே என்று சொல்லவில்லை. பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குழைத்த சாதமும் கொடுத்தேன். அந்த அம்மா காலை நீட்டி, குழந்தையைப் படுக்க வைத்து, சங்கை வாயருகே கொண்டுபோனார். அவ்வளவுதான். குழந்தை வீல் என்று கத்தின கத்தலில் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாதம் அந்த அம்மாவின் புடவையெல்லாம்.

"இதான் சாப்பிடுறதா" என்றார்.

நான் குழந்தையை வாங்கினேன். அழுகை அடங்குகிற வரைக்கும் இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு நடை நடந்தேன். அப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் நிமிர்த்தி வைத்தேன். சாதம் வேண்டாம் என்று தோன்றியது. கடையில் அப்போதுதான் ஒரு ஈடு இறக்கியிருந்தது. ஒரு இட்லியைத் தட்டில் போடச் சொல்லி, வெந்நீர் தெளித்துப் பஞ்சு மாதிரி மசித்தேன். முதல் வாய் நான் போட்டுக்கொண்டேன். குழந்தை என் வாயையே பார்த்தாள். அந்த அம்மாவும் பார்த்தார், தம்பியும் பார்த்தார், வீட்டுக்காரர் டீ ஆற்றுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்.

விரலில் எடுத்து நீட்டினேன். குழந்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். முழுங்கிவிட்டு அடுத்ததுக்குக் கையை இழுத்தாள். நான் தடுக்கவில்லை. தட்டில் இரண்டு கையையும் போட்டு அள்ளினாள். மூக்கிலும் காதிலும் இட்லி. அரை இட்லி உள்ளே போனது. தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நீங்களும் ஒரு வாய் குடுங்க" என்றேன் அந்த அம்மாவிடம். "சங்கு வேணாம். விரல்ல குடுங்க."

பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, விரலில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கீழே அப்போது இரண்டு பல் முளைத்திருந்தது. விரலோடு சேர்த்துக் கடித்தாள்.

"அடியேய், அத்தைய கடிக்கிறியா" என்று அந்த அம்மா விரலை உதறிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் சங்கு விஷயத்தை முழுசும் சொன்னேன். கேட்டுவிட்டு, "என் மூணும் இதே மாதிரி கத்திக்கினுதான் வளந்துதுங்க. கொழந்தைன்னா கத்தும்னு நெனச்சிட்டேன்" என்றார்.

சாயங்காலம் மலை சுற்றக் கிளம்பும்போது அந்தப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "வருஷம் திரும்பினா மொட்ட போட்டு காது குத்தணும். அது வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். மொட்டை போட்டோம், காது குத்தினோம். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த மாசம் நர்ஸம்மா புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது, அது மறுபடியும் ஏற ஆரம்பித்திருந்தது. அந்தக் கார்டை நான் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன்.

அந்தக் குழந்தை இப்போது பத்தாவது படிக்கிறாள். நான் கோணல்மாணலாக எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறவள் அவள்தான். நாலு இட்லி வைத்தால் ஆறு கேட்கிறாள். அந்த வெள்ளிச் சங்கு சாமி மாடத்தில் விபூதி போட்டு வைக்க ஆகிறது. நாம் ஆசையாகக் கொடுப்பதை யாராவது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால், இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. எதில் வைத்துக் கொடுத்தோம் என்று முதலில் என் கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.