உதயசூரியனின் இடது கைப்பிடி

தீவில் ஜங்லிகாட் குடியிருப்புக்குப் போய் உதயசூரியன் வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் எல்லாரும் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். டிரம்காரர் வீடு என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டிருப்பார்கள். மர ஆலையில் அறுத்த பலகைகளைத் தரம் பிரித்து அடுக்குவது அவன் வேலை. அதற்காக ஒரு ஈ காக்கைகூட அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் ஆலைக்கென்று ஒரு பேண்டு இருந்தது. அதில் நாலு சைடு டிரம், அந்த நாலில் முதல் ஆள் அவன். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் வெள்ளைச் சட்டை, சிவப்புப் பட்டையோடு அவன் வாசித்துக்கொண்டு வந்தால், கூட்டத்தில் நிற்கும் நீலாவதி மகள் ருக்குவைத் தூக்கிப் பிடித்து, அதோ அப்பா என்று காட்டுவாள். அவனுக்கு வாழ்க்கையில் அந்தப் பெருமை ஒன்றே போதுமாக இருந்தது.

டிரம் பிடிக்கிற விதத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவன் கெட்டது அதனால்தான். தோளில் மாட்டிய வாரில் சைடு டிரம் இடது தொடைமேல் சாய்ந்து தொங்கும். இடப்பக்கத்து விளிம்பு மேலே ஏறியிருக்கும். அதனால் வலது கை சுத்தியல் பிடிப்பது போலக் குச்சியைப் பிடித்துக்கொண்டாலும், இடது கை அப்படிப் பிடிக்க முடியாது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, கட்டைவிரல் இடுக்கில் குச்சியைச் செருகி, மோதிரவிரல்மேல் படுக்கவைக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. குச்சி விரல்மேல் கிடக்கிறதா, வழுகுகிறதா என்பதைத் தோல்தான் சொல்ல வேண்டும். பேண்டு மாஸ்டர் ராம்தீன் இதைத்தான் நாளுக்கு நூறு தடவை ஹிந்தியில் கத்துவார்: "ஹாத் கோ சுன்னா சாஹியே." கை கேட்க வேண்டும், சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்று அர்த்தம். ராம்தீன் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், வெள்ளைக்காரன் கைதிகளை இங்கே கப்பலேற்றிய காலத்துக் குடும்பம். பட்டாளத்து பேண்டில் இருபது வருஷம் வாசித்துவிட்டு வந்து, ஆலையில் நேரம் குறிக்கிற வேலையில் இருந்தார்.

அறுபத்தேழாம் வருஷம், நவம்பர் கடைசி. லம்பா லைன் பக்கத்து மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. திடீரென்று உதயசூரியனின் டிரம்மில் பாதிச் சத்தம் காணாமல் போயிற்று. என்னடா இது என்று குனிந்து பார்த்தால் இடது கைக் குச்சி புல்லில் கிடக்கிறது. குச்சி விழுந்தது எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. விழுந்தது தனக்குத் தெரியவில்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். குச்சியை எடுத்து மறுபடி விரல்மேல் வைத்தான். மோதிரவிரலும் சுண்டுவிரலும் வேறு யாருடையவோ போல இருந்தன. கடித்துப் பார்த்தான். பல்தடம்தான் பதிந்தது, வலிக்கவில்லை.

அவனுக்குத் தீவுக்குக் கப்பலேறிய நாள் நினைவுக்கு வந்தது. ஐம்பத்தெட்டில் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறும் முன் எல்லாரையும் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். அவனுக்கு முன்னால் நின்றவனுடைய முதுகில் வெளுத்த படை ஒன்று இருந்தது, அதில் ஊசியால் குத்தியும் அவனுக்கு உறைக்கவில்லை. அவனைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவனுடைய மனைவியும் கைக்குழந்தையும் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாரும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள், உதயசூரியனும் தள்ளித்தான் நின்றான். கப்பல் நகர்ந்தபோதும் அந்த ஆள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். தனக்கும் அந்த பெஞ்சுதான் என்று இப்போது தோன்றியது. குவார்ட்டர்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள், மெயின்லேண்டில் எங்கோ ஒரு விடுதிக்குக் கப்பலேற்றிவிடுவார்கள், நீலாவதியும் ருக்குவும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். அதை மட்டும் நடக்கவிடக் கூடாது என்று முடிவு செய்தான். டாக்டரிடம் போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டான்.

மறைப்பதற்கு வழி ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் கிடைத்தது. மேனேஜர் வீட்டிலிருந்து பொட்டலம் கட்ட வந்த காகிதம் அது. அதில் வெளிநாட்டுப் பாட்டுக் கோஷ்டி ஒன்றின் படம். அவர்களுடைய டிரம்காரன் இரண்டு கையிலும் ஒரே மாதிரி, உள்ளங்கை கீழ்நோக்க, கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் குச்சியைக் கவ்விப் பிடித்திருந்தான். உதயசூரியன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பிடிக்கு மோதிரவிரல் தேவையில்லை, சுண்டுவிரலும் தேவையில்லை. அவை சும்மா மடங்கிக் கிடந்தால் போதும்.

மறுநாள் படத்தை ராம்தீனிடம் காட்டி, நாமும் இப்படி மாறிவிடலாமே என்றான். ராம்தீன் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவன் உட்கார்ந்து வாசிக்கிறான், நீ நடந்து வாசிக்கிறவன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாய்ந்த டிரம்மில் இந்தப் பிடி பிடித்தால் இடது முழங்கை தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும், பக்கத்து ஆளின் விலாவில் இடிக்கும். பக்கத்து ஆள் சொக்கலிங்கம். அவனுக்கு வாய் நீளம். சினிமா ஆசை வந்துவிட்டது இவனுக்கு, இனி தலைமுடியும் வளர்ப்பான் பாருங்கள் என்று கிண்டல் செய்தான். பரம்பரையாக மிலிட்டரிக்காரர்கள் பிடிக்கிற பிடியை மாற்ற இவன் யார் என்றும் கேட்டான். சொக்கலிங்கத்தின் பரம்பரையில் மிலிட்டரியைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

உதயசூரியன் விடவில்லை. டிரம் சாய்ந்திருப்பதால்தானே முழங்கை தூக்குகிறது என்று, டிரம்மையே நிமிர்த்தப் பார்த்தான். ஆலையில் கழித்துப்போட்ட படாக் மரத்துண்டை வயிற்றில் பொருந்துகிற மாதிரி வளைவாகச் செதுக்கி டிரம்மின் பின்பக்கம் கட்டினான். இரண்டாவது தோளுக்கும் ஒரு வார் தைத்தான். டிரம் சாப்பாட்டு மேஜை போலத் தட்டையாக நின்றது. மேனேஜர் முன்னால் இரண்டு பிடியையும் போட்டி போட்டுக் காட்டச் சொன்னார்கள். பழைய பிடியில் சொக்கலிங்கம், புதுப் பிடியில் உதயசூரியன். உயிருக்குப் பயந்தவன் வாசிப்பு எப்படி இருக்கும்? அடியா அது, தகரக்கூரையில் விழுகிற மழை மாதிரி இருந்தது. ராம்தீன்கூடத் தலையசைத்துவிட்டார். ஜனவரி இருபத்தாறாம் தேதி ஆலை பேண்டின் நாலு டிரம்மும் தட்டையாக, நாலு பேரின் எட்டுக் கையும் ஒரே பிடியில் போயின. நீலாவதி ருக்குவைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. உதயசூரியனின் இரண்டு விரலும் மெல்ல மெல்ல உள்ளே மடங்க ஆரம்பித்தன. குச்சியைப் பிடித்திருக்கும்போது அது கோணலாகவே தெரியவில்லை, அழகாகச் சுருட்டிவைத்தது போல இருந்தது. முதல் ஆள் விரல் வைக்கிற தினுசு இதுதான் என்று எண்ணி, மற்ற மூன்று பேரும் தங்கள் நல்ல விரல்களை அதே மாதிரி மடக்கிக்கொண்டார்கள். சொக்கலிங்கம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினானாம். பக்கவாட்டில் திரும்பி அந்த ஆறு விரல்களையும் பார்க்கிறபோதெல்லாம் உதயசூரியன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அடி மட்டும் தப்பாது.

வீட்டில் மறைப்பதுதான் கஷ்டம். ஒரு நாள் கொதிக்கிற கஞ்சிப் பானையை இடது கையால் தாங்கி இறக்கினான். தோல் பொசுங்குகிற வாடை வந்த பிறகுதான் நீலாவதி கத்திக்கொண்டு ஓடிவந்தாள். டிரம் அடித்துக் காய்ப்பேறின கை, சூடு தெரியவில்லை என்று சமாளித்தான். தனக்கென்று தனி டம்ளர், தனிப் பாய் வைத்துக்கொண்டான். ருக்கு ஓடிவந்து இடது கையைப் பிடித்தால் வெடுக்கென்று உதறினான். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், மூலையில் போய் உட்கார்ந்து அழும். பிரியக் கூடாது என்பதற்காக மறைத்தவன், ஒரே கூரைக்குள் பிரிந்து கிடந்தான். நீலாவதிக்கு ஒரு கட்டத்தில் பொறுக்க முடியவில்லை.

"எங்க மேல என்னங்க வெறுப்பு உங்களுக்கு? கொழந்த என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

அவன் குச்சிகளை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டான். எந்த மனுஷனும் அப்படிப் போகக் கூடாது. அவனுக்கும் அது தெரியும், போகிற வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டுதான் போனான்.

ஆகஸ்டு பிறந்தது. சுதந்திர தினத்துக்கு இன்னும் பத்து நாள். மழை பிடித்துக்கொண்டதால் ஆலையின் பலகைக் கொட்டகைக்குள்ளேயே பயிற்சி. ஒரு சுற்று முடிந்து எல்லாரும் குச்சியை இறக்கினார்கள். ராம்தீன் உதயசூரியனின் டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றவர் நகரவில்லை. டிரம்மின் வெள்ளைத் தோல்மேல் ரத்தம் சிவப்புச் சிவப்பாகத் தெறித்திருந்தது. உதயசூரியனின் இடது உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு மரச்சிம்பு ஏறி நின்றது. காலையில் பலகை அடுக்கும்போது ஏறியிருக்க வேண்டும். அதோடுதான் அரைமணி நேரம் வாசித்திருக்கிறான்.

ராம்தீன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஹாத் சுன் ஹை க்யா?"

உதயசூரியனுக்கு இது பழகின கேள்வியாகப் பட்டது. கை பேச்சைக் கேட்கிறதா என்று கேட்கிறார். அடி நன்றாக விழுந்ததைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, மார்பை நிமிர்த்தி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்:

"ஹாங் சாப். ஏக்தம் சுன். ஆட் மஹீனே ஸே."

ஆமாம் ஐயா, சுத்தமாக, எட்டு மாதமாக. புதுப் பிடிக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது என்பது அவன் கணக்கு. ஹிந்தியில் சுன் என்றால் கேள் என்று அர்த்தம். முடிவில் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் மரத்துப்போனது என்றும் அர்த்தம். பத்து வருஷம் தீவு ஹிந்தி பேசினவனுக்கு இந்த இரண்டாவது அர்த்தம் தெரியாது. மரத்துப்போவதைப் பற்றி எவரிடமும் ஹிந்தியில் பேச அவனுக்கு வேளை வந்ததில்லை. ராம்தீனின் முகம் மாறியதைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற சொக்கலிங்கம் இரண்டடி தள்ளி நின்றதையும் பார்த்தான். தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ராம்தீன் கத்தவில்லை. அவனுடைய தோளிலிருந்து இரண்டு வாரையும் கழற்றி டிரம்மை இறக்கிவைத்தார். தன் கைக்குட்டையால் அந்த உள்ளங்கையைக் கட்டினார். தொட்டுத்தான் கட்டினார். பிறகு மழையோடு மழையாக அவனை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார். 

அங்கே இருந்த டாக்டரம்மா தமிழ்ப் பெண். அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னாள். அவனால் பல இடங்களைக் காட்ட முடியவில்லை. முழங்கையின் உள்பக்கம் தடித்திருந்த நரம்பையும் அழுத்திப் பார்த்தாள். அவன் முந்திக்கொண்டு, எப்போது கப்பலேற்றுவீர்கள் என்று கேட்டான்.

"எதுக்குக் கப்பல்? மாத்திரை தர்றேன், வீட்டுல இருந்தே சாப்பிடுங்க. பொண்டாட்டி பிள்ளையோட இருங்க. யாரும் உங்களை எங்கயும் அனுப்ப மாட்டாங்க," என்றாள் டாக்டரம்மா.

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் எப்போது தெரிந்தது என்று அவள் கேட்டாள். குச்சி விழுந்த நாளைச் சொன்னான். பிடியை மாற்றிக்கொண்டதையும் ஒளிக்காமல் சொன்னான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே வந்திருந்தா இந்த விரலைக் காப்பாத்தியிருக்கலாம். இனிமே நிமிராது," என்றாள்.

பழைய பிடியிலேயே இருந்திருந்தால் குச்சி தினமும் விழுந்திருக்கும். ஒரு வாரத்தில் ராம்தீன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார். ஊரே மெச்சிய புதுப் பிடிதான் எட்டு மாதமும் அவன் வாயை அடைத்துவிட்டது. வராத கப்பலுக்குப் பயந்து கையைக் கொடுத்திருக்கிறான். நாளைக்குச் சாவகாசமாக மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து நீலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இதுக்காகவா, இதுக்காகவா என்று அவன் தோளில் அடித்து அடித்து அழுதாள். அழுது ஓய்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு ருக்கு பயமில்லாமல் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள், இப்போதே பழகிக்கொள் என்றான் உதயசூரியன். மருந்துக்கட்டிலிருந்து துளி பஞ்சைப் பிய்த்து வலது கையில் வைத்துக்கொண்டான். ருக்கு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

கன்னத்தில் தொட்டான். கன்னம் என்று சிரித்தது. முழங்காலில் தொட்டான். முழங்கால் என்றது. சட்டையை விலக்கி இடது தோள்பட்டையில் தொட்டான். அங்கே கால் ரூபாய் அகலத்துக்குத் தோல் லேசாக வெளுத்திருந்தது. தேமல் என்று நீலாவதி பூச்சுப் போட்டுக்கொண்டிருந்த இடம். ருக்கு ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சை அழுத்தித் தேய்த்தான்.

"தொடுங்கப்பா, எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டே இருக்கறது?" என்றது குழந்தை.

நீலாவதி நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். மழை இன்னும் விடவில்லை, நாளைக்குப் போகலாமா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் ருக்குவை இரண்டு கையாலும் வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு இல்ல. குடைய எடு," என்று சொல்லிப் படியிறங்கினான்.