பழக்கோபுரம் பார்க்க வந்தவர்கள்

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸுக்குப் பழக்கோபுரம் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்ததற்கு என் கைத்திறமை காரணமில்லை. "நீ சும்மாதானே இருக்கே" என்று மாமியார் ஒருநாள் சொன்னார், அதோடு அது என் வேலையாகிவிட்டது. புருஷன் ஊரில் இல்லாதவள், பிள்ளை குட்டி இல்லாதவள் என்றால் சும்மா இருக்கிறவள் என்று அர்த்தம். வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை யார் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். நான் கேட்டதில்லை. மனசுக்குள் மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்வேன்.

கோபுரம் எங்கள் வீட்டுக்கு வந்தது என் மாமனாரால். நான் வருவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரிடம் வேலை பார்த்தவர். அந்த அதிகாரி வீட்டு மேஜை நடுவில் கண்ணாடித் தட்டில் பழங்களைக் கூம்பாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டிலும் வேண்டும் என்றாராம். அங்கே அது மேஜைக்கு அழகு. சுற்றி உட்கார்ந்து கோழியும் ஆட்டிறைச்சியும் சாப்பிடுவார்கள், பழத்தை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் தெருவில் அது நடக்குமா? கிறிஸ்மஸ் காலையில் யார் வேண்டுமானாலும் வரலாம், பிடித்த பழத்தைப் பிடுங்கித் தின்னலாம் என்று வழக்கம் ஏற்பட்டுவிட்டது. மத்தியானத்துக்குள் கோபுரம் காலியாக வேண்டும். மிச்சமிருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார் மாமியார்.

கண்ணாடித் தட்டுக்கு நாங்கள் எங்கே போவது. குலை வெட்டின வாழைமரத்தில் ஒன்றரை முழம் துண்டு போட்டுச் சுரக்குடியிலிருந்து குத்தகைக்காரர் கொண்டுவருவார். மேல்பட்டைகளை உரித்து, மேலே குறுகலாகச் சீவி, ஒருநாள் முழுக்கத் தலைகீழாக நிறுத்தி நீரை வடியவிட வேண்டும். முதல் வருஷம் எனக்கு அது தெரியாது. அப்படியே நிறுத்திப் பழத்தைக் குத்திவிட்டேன். வாழைக்கறை ஒழுகி, என் கல்யாணத்துக்கு வந்த வெள்ளை மேஜைத் துணியெல்லாம் பழுப்பு. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. கொய்யாவெல்லாம் துவர்த்தது. அதற்குப் பிறகு நீரை வடியவிட்டு, நுனியிலையைச் சுற்றி நாரால் கட்டி, பித்தளைத் தாம்பாளத்தில் நிறுத்துவேன். அதன்மேல் தென்னை ஈர்க்குகளைக் குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பழம். கனத்த பழத்துக்கு மூங்கில் குச்சி. அடிவரிசை கொய்யா, அதற்குமேல் கமலா ஆரஞ்சு, அப்புறம் பூவன்பழம், இடுக்குகளில் பேரீச்சையும் திராட்சையும். உச்சியில் ஒரு மாதுளையை ஆறாகக் கீறிப் பூப்போல விரித்து வைப்பேன். சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம், நன்றாகவே கட்டுவேன்.

என் புருஷன் அதை ஒரு வருஷம்கூடப் பார்த்ததில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பல் ஏறிச் சைகோன் போனார். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அந்தக் காலத்தில் காரைக்காலில் வீட்டுக்கு ஒருவர் சைகோனில் இருப்பது புதுசில்லை. வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வருகிற கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று மூன்று வருஷம் எழுதினார். மூன்று வருஷமும் கோபுரம் கட்டினேன்.

வருகிறவர்கள் பழத்தைப் பிடுங்கும்போதே கேட்பார்கள், "ஒங்க வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?" ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்கள். கொய்யாவைக் கடித்துக்கொண்டே கேட்பார்கள். குரும்பகரத்திலிருந்து வரும் மாமியாரின் தங்கை ஒருத்தி இருக்கிறாள், அவள் நான்கு பேர் நடுவில் நின்று, "பொண்டாட்டி மொகம் ஞாபகம் இருக்காமா அவனுக்கு?" என்று சிரிப்பாள். எனக்கு அந்த ஈர்க்கை எடுத்து அவள் வாயிலேயே குத்தலாம் போலிருக்கும். சிரித்து வைப்பேன்.

நான் சொல்லவந்தது நான்காவது வருஷத்துக் கதை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியாகிவிட்டது. சைகோனிலும் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்புறம் இவருக்கு மட்டும் அங்கே என்ன வேலை? ஐப்பசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அலுவலகத்தை மூடுகிறார்கள், கிறிஸ்மஸுக்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தார். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அன்று வாசிக்கும்போது, "கிறிஸ்மஸுக்குள்ள வந்துடுவாங்களாம் அத்தை" என்று வாசித்துவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று வாசிக்கவில்லை. எனக்கு அப்படித்தான் புரிந்தது, அப்படிப் புரிய வேண்டும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை. நேரில் வருகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு. மூன்று மாதம் கூட இருந்தவரின் குரல் எப்படி இருக்கும் என்று படுத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பேன். வராது. தோளும் நடையும் வரும், குரல் மட்டும் வராது. இதை யாரிடம் சொல்வது? நாகப்பட்டினத்தில் அண்ணன் இருந்தான். அண்ணி இருந்தாள் என்று சொல்வதுதான் சரி.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் மழை கொஞ்சம் விட்டபோது பெரிய கடைத்தெருவுக்குப் போனேன். பழக்கடை மரைக்காயர் எங்கள் வீட்டுக்குப் பழக்கமானவர். அவருடைய தங்கை மகனும் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தான். என் புருஷன் எப்போதாவது அனுப்புகிற சாமான்கள் அவன் மூலமாகத்தான் வரும். நான் கூடையை வைத்து, ஆரஞ்சு மூன்று டஜன், பெரிய மாதுளையாக ஒன்று என்று சொன்னேன்.

"இத்தனை எதுக்கு தங்கச்சி? பாதி போதும்" என்றார்.

"விக்கிறவரு நீங்க. நீங்களே வேண்டாங்கிறீங்களே பாய்."

"மழைநாளு. அழுகிப் போயிடும்."

"அவுங்க வர்ற வருஷம். குறைச்சு வைக்கச் சொல்றீங்களா?"

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். சுத்தமாக இருந்த தட்டைத் துடைத்தார். நான் சும்மா இருக்காமல், "ஒங்க தங்கச்சி மகன்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சும்மா. எல்லாரும் சொகமா இருக்காங்கன்னு எழுதியிருக்கான்" என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டதைவிடப் பெரிய மாதுளையாக ஒன்றைத் தேடி எடுத்து, தாளில் சுற்றிக் கூடையில் தானே வைத்தார். மனுஷருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று பகல் முழுவதும் கட்டினேன். மாமியார் வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, அது கோணல், இது இடைவெளி என்று நச்சரிப்பார். அன்று ஒரு குறையும் சொல்லவில்லை. ஈர்க்கைச் சீவிக் கொடுத்தார், பழத்தைத் துடைத்துக் கொடுத்தார். "சாப்பிட்டுட்டு வந்து கட்டேன் பொண்ணே" என்றார். இரண்டு தரம் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மகன் வருகிற சந்தோஷம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பூசையிலிருந்து வந்து கூடத்து மேஜையில் தாம்பாளத்தை வைத்தேன். கட்டினதிலேயே அதுதான் நல்ல கோபுரம். அவர் இன்னும் வரவில்லை. பாண்டிச்சேரியில் கப்பல் எப்போது வருமோ, பஸ் கிடைக்க வேண்டும், வழியெல்லாம் வெள்ளம். பொங்கலுக்குள் வந்துவிடுவார். இப்படிப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கட்டும், இந்த வருஷம் நிமிர்ந்து சொல்லலாம் என்று நின்றேன்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஆரஞ்சை எடுத்தார்கள், "ரொம்ப அழகா இருக்கு" என்றார்கள், போனார்கள். கேட்கவில்லை. பூசைக்கு மணி அடிக்கிற கோயில் பிள்ளை வந்தார், பூவன்பழம் தின்றார், "ஒன் கை யாருக்கும்மா வரும்" என்றார். கேட்கவில்லை. அப்பாடா, இந்த வருஷம் தப்பித்தோம் என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பழம் குறையக் குறைய நிம்மதியும் குறைந்தது. ஒருவர்கூட மறந்தும் கேட்கவில்லையே. ஊரே கூடி ஒரு கேள்வியை மறக்குமா?

குரும்பகரத்துக்காரி வந்தாள். இவள் விடமாட்டாள், கேட்டுவிடுவாள் என்று நான் காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? அவள் கொய்யாவைப் பிடுங்கினாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு கையால் என் தலையைத் தடவினாள். மூன்று வருஷமாக என்னைக் கிண்டலடித்தவளின் கை.

அடுத்தது எதிர்வீட்டு வாத்தியாரின் மனைவி. வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்த நேரம் பார்த்து நானே சொன்னேன்: "அவுங்க பொங்கலுக்குள்ள வந்துடுவாங்கக்கா."

அந்த அம்மாவுக்குப் பழம் இறங்கவில்லை. மென்றபடியே என் மாமியார் பக்கம் பார்த்தார். "ஆமாமா… வருவாரு, வராம எங்க போவாரு" என்று தொண்டைக்குள் சொல்லிவிட்டு வாசலில் இறங்கி நடந்தார். வெளியே நல்ல மழை. குடை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று தெரியாது. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இறந்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இறந்திருந்தால் கோபுரம் கட்ட விட்டிருக்கமாட்டார்கள்.

மத்தியானம் கோபுரம் மொட்டையாகிவிட்டது. இலையும் நீட்டிக்கொண்டிருக்கிற ஈர்க்குகளுமாக முள்ளம்பன்றி மாதிரி நின்றது. வாசல் கதவைச் சாத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு ஏற்கெனவே கழுவின குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சேதி அத்தை? சொல்லிடுங்க."

அவர் மழுப்பவில்லை. அதற்காக அவரை இன்றும் நான் மதிக்கிறேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அவன் பிரான்சுக்குப் போயிட்டான். ஆபீசுக்காரங்களோட கப்பல் ஏறிட்டானாம். கார்த்திகையிலயே எனக்குக் கடுதாசி வந்துச்சு. நீ குளத்துக்குப் போயிருந்தே. வாத்தியாருதான் வாசிச்சுக் காட்டுனாரு."

"என்னையும் கூப்பிட்டுக்குவாங்களாமா?"

இப்படிக் கேட்டேன் பாருங்கள். அத்தனைக்கும் பிறகு அப்படித்தான் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க ஒருத்தி இருக்கா. அந்த ஊருப் பொண்ணு. ரெண்டு புள்ளைங்க. அவங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருக்கான்."

"பெருசுக்கு என்ன வயசு?"

மாமியார் என் கையை விட்டார். பிறகு சொன்னார், "மூணு."

மூன்று வயசு. அப்படியானால் நான் கறை படிந்த மேஜைத் துணியை வெளுக்க முடியாமல் அழுத அந்த முதல் கிறிஸ்மஸிலேயே அவருக்கு அங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார். நான் அதை வரி விடாமல் சத்தமாக வாசித்திருக்கிறேன்.

"எனக்குன்னு ஒண்ணும் எழுதலையா?"

"ஒன் விருப்பப்படி செய்யச் சொல்லி எழுதியிருக்கானாம்."

தாலி கட்டினவன் உயிரோடு இருக்கும்போது எங்கள் திருச்சபையில் மறுகல்யாணம் கிடையாது, பெண்ணுக்கு என்ன விருப்பம் இருக்கிறது? அவருக்கும் அது தெரியும்.

எனக்கு வந்த கோபம் புருஷன் மேல் வரவில்லை. அவர் எட்டாத தூரத்தில் இருந்தார். "தெரிஞ்சுகிட்டே என்னை உட்கார்ந்து கட்ட வச்சீங்களே அத்தை. ஊரே வந்து என்னை வேடிக்கை பாத்துட்டுப் போச்சே" என்றேன். கத்தவில்லை. கத்த வரவில்லை.

மாமியார் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "சொன்னா நீ பெட்டியக் கட்டிருவேன்னு பயந்துட்டேன். பண்டிகை முடியட்டும்னு இருந்தேன். நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். எனக்கு யார் என்று அந்த வீட்டில் கேட்க ஆளில்லை. நானே எழுந்து போய்ச் சோறு எடுத்துவைத்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தோம்.

அந்த வாரமே அண்ணனுக்கு எழுதினேன். பதில் அண்ணியின் கையெழுத்தில் வந்தது. வீடு சின்னது, பிள்ளைகள் வளர்கிறார்கள், அங்கே அந்த அம்மாளுக்குத் துணையாக இருப்பதுதான் மரியாதை என்று எழுதியிருந்தாள். மடித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மாமியார் என்ன கடிதம் என்று கேட்டார். சும்மா விசாரித்து எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

பதினேழு வருஷம் அவருடன் இருந்தேன். அவர் கண்ணை மூடும் வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். புருஷன் விட்டுப் போன பிறகும் மாமியாரை விட்டுப் போகாதவள், தங்கமான மருமகள் என்று தெருவே என்னைப் புகழ்ந்தது. சாகும்போது அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். எனக்குப் போக இடமில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.