நாலாவது அழைப்பு

எங்கள் அரசு கல்லூரியில் அட்மிஷன் நாளன்று மைக் ஒழுங்காக வேலை செய்ததே இல்லை. சகாயராணி இருக்கும்போது மைக் எதற்கு? அலுவலக உதவியாளராகப் பதினெட்டு வருடம். பட்டியலில் உள்ள பெயர்களைக் கூப்பிடுவது அவர் வேலை. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சகாயராணி மட்டும் நாலாவது முறையும் கூப்பிடுவார். அவருக்குப் பதினேழு வயதில், இதே அரங்கில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவர் வந்த சாணார்பட்டி பஸ் பஞ்சராகி வழியில் நின்றிருந்தது. அதோடு படிப்பு போயிற்று. அட்மிஷன் மேசையில் உட்காரும் எனக்கு அந்த நாலாவது அழைப்பு எரிச்சல்தான். என் சாப்பாட்டு நேரம் அதில்தான் போகும்.

போன வருடம் வேதியியலில் ஒரே ஓர் இடம் மிச்சம். பட்டியலில் லிடியா, அவளுக்கு அடுத்து ஃபாயிஸா. ஃபாயிஸாவின் அம்மா உம்மு சல்மா பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிப்பவர். "இது கெடைக்கலன்னா நாளைலருந்து இவளும் எங்கூட உரிக்க வேண்டியதுதான் சார்" என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

லிடியா பெயரை மூன்று முறை கூப்பிட்டாயிற்று. ஆள் இல்லை. ஃபாயிஸா எழுந்தேவிட்டாள். சகாயராணி வழக்கம்போல நாலாவது முறை கூப்பிட்டார்.

"இருக்கேன்."

பெண் குரல். பட்டப்பகலில் நாற்பது பேர் கேட்டோம். கடைசி வரிசையில் ஓர் ஆண் மட்டும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு ஃபைல். குரல் அந்த நாற்காலியிலிருந்துதான் வந்தது.

அந்த ஆள் எழுந்தார்.

"நான் பாக்கியராஜ், லிடியா அப்பா. அவ வரமாட்டாம்மா. காய்ச்சல்ல போயிட்டா. போன வியாழக்கெழம அடக்கம் பண்ணுனோம். அவ பேரக் கூப்புடுறத ஒரு தடவ கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

சகாயராணி சிலுவை போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் கூப்புட்டிருக்கக் கூடாது சார்" என்றார் என்னிடம்.

உம்மு சல்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "இந்த சீட்டு வேணாம்டி. வா, போயிருவோம்."

ஃபாயிஸா கையை உருவிக்கொண்டாள். கடைசி வரிசைக்கு நடந்துபோய் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"லிடியா, இந்த சீட்ட நான் எடுத்துக்கட்டுமா?"

கரண்ட் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஃபேன் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் ஃபைலின் அட்டை மெல்லத் தூக்கி அடங்கியது. பதில் வரவில்லை. பதில் வந்துவிடக் கூடாதே என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். ஃபாயிஸா மட்டும் நகராமல் நின்றாள்.

பாக்கியராஜ் மறுபடி உட்கார்ந்து ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ எடுத்துக்க தாயி. கேட்டதும் பதில் சொல்ற பழக்கம் அவளுக்கு என்னைக்குமே இல்ல."